சர்வதாரிப் படி

அப்பா போய் ஒரு வருடம் முடியாமல் மலைக்கோயில் ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். சுவாமிமலை மலையே இல்லை, கட்டுமலைதானே என்று வாதாடிப் பார்த்தேன். "மேலே முருகன் நிற்கிறான் அல்லவா? அப்படியென்றால் மலைதான்" என்றார். அதற்கு மேல் யார் பேசுவது? புரட்டாசியில் தலைத் திவசத்தை முடித்துக்கொண்டு ஐப்பசி மழையில்தான் கிளம்பினோம். அம்மா, நான், மனைவி, மகள்.

போயே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. திவசத்துக்காக வீட்டை ஒழித்தபோது சுவாமிநாதன் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. உள்ளே அந்தக் காலத்துப் பெரிய ஒரு ரூபாய் நாணயம், 1985 என்று போட்டது. அப்பா முடிந்து வைத்ததுதான். எதற்காக என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அந்த வருடம் எனக்கு டைபாய்டு வந்து பிழைத்தேன். அத்தைக்கு வரன் தேடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். ஆனால் நாணயத்தில் இருக்கும் வருடத்தில்தான் முடிந்து வைத்தார் என்று எப்படிச் சொல்வது? வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது அவர் கட்சி. சொல்லாமலே போய்விட்டார்.

சின்ன வயதில் தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சரில் கூட்டிக்கொண்டு வருவார். சுவாமிமலை ஸ்டேஷனில் இறங்கிக் கோயில் வரை நடைதான். பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவரின் கையில் வண்டிக்குக் கொடுக்கக் காசு இருக்காது. வழியில் சிற்பிகளின் பட்டறை வாசலில் மெழுகுப் பொம்மைக்கு வண்டல் மண் பூசுவதை நின்று பார்ப்போம். கோயிலுக்குள் நுழைந்ததும் நேராகப் படியேற விடமாட்டார். முதலில் கீழே சுந்தரேசுவரரும் மீனாட்சியும். "அப்பாவிடம் சொல்லாமல் பிள்ளையைப் பார்க்கப் போகலாமா?" என்பார். பிறகு படிக்கு ஒரு தமிழ் வருடமாகப் பெயர் எழுதிய 60 படிகளையும் எங்களை உரக்கப் படிக்கவைத்துக்கொண்டே ஏறுவார். பிரபவ, விபவ, சுக்கில... எனக்குத் தமிழ் வருடங்கள் வரிசையாகத் தெரிவது பள்ளிக்கூடத்தால் அல்ல.

இந்த முறை கிருத்திகை என்று பார்க்காமல் கிளம்பியது என் தவறு. வண்டியை நிறுத்துவதற்குள் நான்கு பேர் ஜன்னலைத் தட்டிவிட்டார்கள். செருப்பு விட வேண்டுமானால் எங்கள் கடையில்தான் அர்ச்சனைத் தட்டு வாங்க வேண்டும் என்று ஓர் அம்மாள் கறாராகச் சொன்னார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் காதருகே வந்து, "பாட்டியால் நிற்க முடியாது சார், 500 கொடுங்கள், பத்து நிமிடத்தில் முருகன் முன்னால் நிறுத்துகிறேன்" என்றார். அம்மாவின் முழங்காலைப் பார்த்துச் சபலம் வந்தது உண்மை. அம்மாதான், "உங்கள் அப்பா ஒரு நாளாவது அப்படிப் போனாரா?" என்று வரிசையில் போய் நின்றுகொண்டார். அந்த வரிசை எங்களைச் சுந்தரேசுவரர் பக்கம் திரும்பவே விடாமல் படிக்கட்டில் கொண்டுபோய்த் தள்ளியது.

மழை ஈரத்தில் படி வழுக்கியது. அம்மா ஒரு கையால் சுவரையும் மறு கையால் பேத்தியையும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் சொல்லிக்கொடுக்காமலே மகள் படித்துக்கொண்டு வந்தாள். சர்வதாரி வந்ததும் அம்மா நின்றார். அப்பா பிறந்த 1948, சர்வதாரி வருடம். கீழிருந்து 22ஆவது படி. எப்போது வந்தாலும் அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார். அம்மாவும் குனிந்து தொட்டார். பின்னால் நின்றவர் அலுத்துக்கொண்டார். அவர் குற்றமும் இல்லை.

அப்பா போனது குரோதி வருடத்தில், 38ஆவது படி. சர்வதாரியிலிருந்து 16 படிதான். மகள் எண்ணிப் பார்த்து, "தாத்தா 16 படிதான் ஏறினாரா?" என்று கேட்டாள். இல்லை, சர்வதாரியில் தொடங்கி உச்சியில் அட்சய வரை போய், மறுபடி கீழே பிரபவவில் கால் வைத்து, 2008இல் சர்வதாரியை இரண்டாம் முறை மிதித்து மணிவிழாவும் கண்டு, அதற்குப் பிறகுதான் இந்தப் 16 படி என்றேன். மொத்தம் 76 வருடம். அடுத்த படி விசுவாவசு, நாங்கள் போனபோது நடந்துகொண்டிருந்த வருடம். முதல் சுற்றில் அந்தப் படியில் அப்பாவுக்கு 17 வயது, கடையில் கணக்கெழுதச் சேர்ந்த வருடம். இரண்டாம் சுற்றில் அதில் அவர் இல்லை. என் கால் அந்தப் படியில் வைக்கத் தயங்கியது. கூட்டம் தயங்கவிடவில்லை.

மேலே போய் இரண்டு மணி நேரம் நின்றோம். மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானையைப் பார்த்து மகள் கேட்ட கேள்விகளுக்கு அம்மா இந்திரன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

திரை விலகியபோது நேர் எதிரில் இருந்தேன். கையில் தண்டாயுதம், இடுப்பில் மறு கை, அந்த நிமிர்வு. பெற்ற தகப்பனையே சீடனாகப் பணிந்து கேட்க வைத்த பிள்ளையின் நிமிர்வு. எனக்குப் பிரணவம் நினைவுக்கு வரவில்லை. 2020 ஊரடங்கில் அப்பாவுக்கு செல்போனில் மின்கட்டணம் கட்டச் சொல்லிக்கொடுத்த நாள் வந்தது. நாற்பது வருடம் பேரேட்டில் ஒரு பைசா பிசகாமல் எழுதிய மனிதர், என் பக்கத்தில் தலையைச் சாய்த்து, சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து நான் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மூன்றாம் முறை கேட்டபோது, "எத்தனை தரம்தான் சொல்வது?" என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "சரிப்பா, மெதுவாகச் சொல்" என்றார். அந்தச் சாய்ந்த தலை. சுவாமிநாதா, உன் அப்பன் வாய் பொத்திக் கேட்டபோது நீயாவது பொறுமையாகச் சொன்னாய் அல்லவா?

"நகருங்கள், நகருங்கள்" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். கர்ப்பூர ஒளி கண்ணீரில் கலங்கிப் போனது. முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்றுகூடத் தெரியவில்லை. முருகா, எனக்கு அது போதும், அதற்கு மேல் நான் தாங்கமாட்டேன்.

உண்டியல் முன்னால் அம்மா முடிச்சை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு நின்றார். என்ன வேண்டுதல் என்று தெரியாமல் எப்படிச் செலுத்துவது என்ற கவலை. "வேண்டியவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். நடுவில் நமக்கு எதற்கு?" என்றாள் என் மனைவி. அம்மா துணியோடு போட்டுவிட்டார்.

கீழே இறங்கியதும்தான் அம்மாவுக்கு உறைத்தது: "அடடா, அப்பாவிடம் சொல்லாமல் மேலே போய்விட்டோமே!" சுந்தரேசுவரர் சன்னிதியில் ஈ காக்கை இல்லை. கிருத்திகைக் கூட்டம் முழுக்கப் பிள்ளையிடம்தான். குருக்கள் சாவகாசமாகத் தட்டை வாங்கிக்கொண்டு, "பெயர், நட்சத்திரம் சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் வீட்டு அர்ச்சனை எப்போதும் அப்பா பெயரில்தான் தொடங்கும். வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அப்பாவின் பெயரைச் சொல்லி, உத்திரட்டாதி என்றும் சொல்லிவிட்டேன். குருக்கள் சங்கல்பத்தைத் தொடங்கப் போனார். அம்மா என் கையைப் பிடித்தார்.

"சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்" என்றார்.