சிவில் 3டி செய்முறைத் தேர்வு: லாங் செக்‌ஷனில் மார்க் போகும் இடங்கள்

சாலை வடிவமைப்பு மென்பொருளான சிவில் 3டியில் டிசைன் புரொஃபைல் (புதுச் சாலை நீளவாக்கில் ஏறி இறங்கும் கோடு) வரைவது சில நிமிட வேலை. மார்க் போவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் அலைன்மென்டுக்கு (பிளானில் சாலையின் மையக்கோடு) சர்ஃபேஸ் புரொஃபைல் (அந்தக் கோட்டில் இப்போதுள்ள தரைமட்டம்) எடுத்து, புரொஃபைல் வியூ என்ற வரைபடக் கட்டத்தில் வையுங்கள். தரைக்கோடு நடுவில் அறுந்திருந்தால் அலைன்மென்ட் அந்த இடத்தில் சர்ஃபேஸை விட்டு வெளியே போகிறது என்று அர்த்தம். பிளானில் போய்ப் பாருங்கள். வியூவில் செங்குத்து அளவு பெரும்பாலும் 10 மடங்கு பெருக்கித்தான் தெரியும். 2% சரிவே மலை மாதிரி நிற்கும். அதனால் கண்மதிப்பில் பி.வி.ஐ. (இரண்டு சரிவுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) வைக்கவே கூடாது.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் தாளில் கணக்குப் போடுங்கள். ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு நிறுத்தப் பார்வைத் தூரம் (தடையைப் பார்த்து வண்டியை நிறுத்தத் தேவையான தூரம், எஸ்) 120 மீ. ஏற்றம் +2.5%, இறக்கம் −1.5% என்றால் இரண்டு சரிவுகளின் வித்தியாசம் என் = 0.04. சம்மிட் வளைவின் (மேட்டு வளைவின்) நீளம் என் × எஸ்² ÷ 4.4, அதாவது 0.04 × 14,400 ÷ 4.4 = 130.9 மீ. இது 120ஐவிட அதிகம், ஆகவே சூத்திரம் பொருந்துகிறது. குறைவாக வந்திருந்தால் 2எஸ் − 4.4 ÷ என் என்பதற்கு மாற வேண்டும். பலர் இந்தச் சோதனையையே விட்டுவிடுகிறார்கள். நீளத்தை 140 என்று முழுமையாக்கலாம். மென்பொருள் கேட்கும் கே மதிப்பு ஒரு சதவீதத்துக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு: 140 ÷ 4 = 35. இங்கே 0.04ஆல் வகுத்தால் 3500 வரும், வளைவு பக்கத்து பி.வி.ஐ.களைத் தாண்டிப் போய்விடும்.

கர்வ் செட்டிங்ஸில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனி மதிப்பு கொடுங்கள். பிறகு 'டிரா டேஞ்சன்ட்ஸ் வித் கர்வ்ஸ்' எடுத்து, ஒற்றை மேற்கோள் குறியோடு பி.எஸ்.இ. ('PSE) என்று தட்டி, புரொஃபைல் வியூவைக் கிளிக் செய்தால் செயினேஜும் (சாலையின் தொடக்கத்திலிருந்து தூரம்) ஆர்.எல்.லும் (மட்ட உயரம்) எண்ணாகவே கேட்கும்.

பி.வி.ஐ. 1+200இல் (அதாவது 1,200 மீ.) ஆர்.எல். 100.000 என்றால், மேலே கணக்கிட்ட 140 மீ. வளைவு 1+130இல் 98.250இல் தொடங்கி 1+270இல் 98.950இல் முடியும். பி.வி.ஐ.க்கு நேர் கீழே சாலை மட்டம் 99.300. உச்சி அங்கே இல்லை, 1+217.5இல், 99.344. உச்சி எங்கே என்று வைவாவில் கேட்டால் பி.வி.ஐ. செயினேஜைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிற்பாடு பிளானில் அலைன்மென்டைத் திருத்தினால் தரைக்கோடு தானாக மாறும், டிசைன் பி.வி.ஐ.கள் பழைய செயினேஜிலேயே நிற்கும். ஏற்கெனவே உள்ள சாலையோடு சேரும் இரு முனைகளின் ஆர்.எல்.லையும் அப்போது மறுபடி சரிபாருங்கள்.