அல்சூர் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்ட கதை

என் கணவருக்கு இரவுப் பணி. காலை ஏழு மணிக்கு வந்து, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பார். பழைய மெட்ராஸ் ரோடு சோம்பல் முறித்து எழுவதும் அதே நேரத்தில்தான். அல்சூரில் எங்கள் வீடு முதல் மாடி. தெருமுனை தாண்டினால் சாலை. 2011 அக்டோபரில் பெங்களூரின் முதல் மெட்ரோ இந்தப் பக்கமாகத்தான் ஓடியது. ரயில் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஹாரன் சத்தம் மட்டும் இத்தனை வருடமாகியும் பழகவில்லை.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு சொல்கின்றன. ஜன்னலைச் சாத்திவிட்டுச் செல்பேசிச் செயலியால் அளந்தால், கட்டிலருகே 60 காட்டியது. செல்பேசிக் கணக்கு துல்லியமில்லை என்றாலும், முன்னே பின்னே ஒப்பிட அது போதும்.

முதலில் வந்த வியாபாரி, ஸ்லைடிங் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி போட்டால் வேலை முடிந்தது என்றார். விலையும் குறைவாகத்தான் இருந்தது. இரண்டாவதாக அளவெடுக்க வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். அவர் முதலில் கேட்டது ஊதுபத்தி. பற்றவைத்து ஜன்னல் ஓரமாகக் கொண்டு போனார். புகை உள்பக்கமாக வளைந்தது. "காற்று நுழைகிற வழியில்தான் சத்தமும் நுழையும், மேடம். ஸ்லைடிங்கில் இடைவெளியை அடைப்பது வெறும் நார்ப்பட்டை. இழுத்துப் பூட்டினால் ரப்பரை அழுத்திப் பிடிக்கிற கதவு போடுங்கள்" என்றார்.

கண்ணாடியிலும் அவர் சொன்னதையே கேட்டேன். இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் இருந்தால், ஒரே சுருதியில் இரண்டும் கோட்டை விட்டுவிடுமாம். அதனால் வெளியே 8 மில்லிமீட்டர், உள்ளே 5, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி. சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடி இரண்டரைக் கிலோ. அப்படிப் பார்த்தால் ஒரு கதவில் கண்ணாடி மட்டுமே இருபது கிலோவுக்கு மேல். கீல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

கம்பியில்தான் சிக்கல் வந்தது. பழைய தேக்கு ஜன்னலில் கம்பி உள்ளே, கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். கம்பி வழியே கையை விட்டு இத்தனை கனமான கதவை யார் இழுப்பது? கம்பியை வெளியே தள்ளி, கதவை உள்பக்கம் திறக்க வைத்தோம். அதற்காகக் கட்டில் ஒன்றரை அடி நகர்ந்தது. தேக்குச் சட்டத்தைப் பழைய மரக்காரருக்கு விற்க அத்தை சம்மதிக்கவில்லை; இன்றும் அது பரணில் கிடக்கிறது.

நான்குக்கு ஐந்தடியில் இரண்டு ஜன்னல்கள். சதுர அடிக்கு 1,300 ரூபாய் வீதம் 52,000. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 61,360. சுவரை உடைத்துப் பூசும் கொத்தனார் கூலி இதில் இல்லை. அதை முன்கூட்டியே கேட்காதது என் தவறு. மூன்று வாரம் என்றார்கள், ஆறு வாரம் ஆனது.

பொருத்திய அன்று ஆசையோடு அளந்தேன்: 52. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்காரரை அழைக்காமல் நானே ஊதுபத்தி ஏற்றினேன். கீழ்மூலையில் புகை ஆடியது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் நுரை சரியாக நிரம்பவில்லை. மேலே சிலிகோன் பசையைத் தடவி மறைத்திருந்தார்கள். சண்டை போட்டு, பிரித்து, மறுபடி நிரப்ப வைத்தேன்: 45. குளியலறையின் பட்டைக் கண்ணாடி வென்டிலேட்டரையும் மாற்றினோம்: 41. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பார்கள். எங்களுக்குக் குறைந்தது கிட்டத்தட்ட இருபது. ஹாரன் எங்கோ தொலைவில் ஒலிப்பது போலக் கேட்கிறது. லாரியின் அடித்தொண்டை உறுமல் மட்டும் இன்னும் வருகிறது. 12 மில்லிமீட்டர் இடைவெளி அந்தத் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

ஏசி இல்லாத வீடு என்பதால் இரண்டே நாளில் அறை புழுங்கியது. இப்போது சாலைப் பக்க ஜன்னல் பூட்டியே இருக்கிறது. சந்துப் பக்கம் ஒன்றைத் திறந்து வைக்கிறோம். ஆவணி மழையில் ஒரு கதவின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படர்ந்தது. உள்ளே துடைக்க வழியில்லை. ஓரத்து அடைப்பு விட்டுப்போனதன் அடையாளம் அது. உத்தரவாதத் தாளைக் காட்டி மாற்றி வாங்க இரண்டு மாதம் பிடித்தது.

போன வாரம் அவர் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார். சாலைச் சத்தமா என்று கேட்டேன். இல்லையாம், மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்கிறதாம். பத்து வருடமாக அது அப்படித்தான் சுற்றியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார்.