பத்து ஷேர்

காத்மாண்டு டீக்கடை அக்கா டீய அடுப்புல வச்சிட்டு போனையே பாத்துட்டு இருந்தாங்க. திடீர்னு ஒரு சிரிப்பு.

குலுக்கல்ல ஐபிஓ ஷேர் விழுந்துருச்சாம்! ஐபிஓன்னா கம்பெனி முதல் தடவையா ஜனங்களுக்கு ஷேர் விக்கிறது.

ஏதோ ஆத்துல கரண்ட் எடுக்குற கம்பெனி. 10 ஷேர், மொத்தமே 1000 ரூபா, அதுவும் நேபாள ரூபா.

2000ல 60 மெகாவாட் கிம்தி நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சப்போ நார்வே காசு, கரண்டுக்கு விலை டாலர்ல. இப்போ ப்ராஜெக்ட் வர்ற ஊர்க்காரங்களுக்குன்னே 10 சதவீதம் ஷேர் ஒதுக்குறாங்க, பொதுமக்களுக்கு விடுற ஷேருக்கு நாடே குலுக்கல்ல நிக்குது.

ஆனா முக்கால்வாசி இடத்துல தண்ணிய தேக்குறதில்ல, ஓடுற ஆத்துலயே எடுக்குறது, குளிர்காலத்துல ஆறு இளைச்சா கரண்டும் இளைக்கும், அப்புறம் ஷேருக்கு லாபப் பங்கு, அதான் டிவிடெண்ட், எங்கேந்து வரும்?

சொல்லலாமான்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு, அக்கா இன்னும் போனத்தான் பாத்துட்டு இருக்காங்க.