டொக்டரிடம் பாதியைத்தான் சொன்னேன்

கிணற்றடியில் மூன்றாவது தடவையாக விழுந்த பிறகு மனுசி என்னைச் சும்மா விடவில்லை. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடினால் போதும், யாரோ தள்ளிவிட்டதுபோல் சரிந்துவிடுவேன். வட்டைக்குப் போனால் வரம்பில் செருப்புக் கழன்றதே தெரியாது. பத்தடி தாண்டிக் குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். விரல்களிலும் விறைப்பு. சட்டைக்குப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகிவிட்டது.

இதற்கு எட்டு மாதம் முன்பே படுக்கையில் ஒன்றும் சரிவரவில்லை. அதற்கு நாங்கள் இருவரும் ‘களைப்பு’ என்று பெயர் வைத்து மூடிவிட்டோம். எனக்கு வயது 46. சீனி வருத்தத்துக்கு ஒன்பது வருடமாக மெற்போமின், நாளுக்கு 2 கிராம்.

முதல் பயணம் வீண். மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டு, மண்முனைப் பாலம் தாண்டிப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் துண்டு எழுதுகிறவர் கிளினிக் கொப்பியைக் கேட்டார். கையில் இருந்தது கடைசி மருந்துத் துண்டு மட்டும்.

“கொப்பி இல்லாட்டி அடுத்த கிழமை வாங்க.”

“நடக்க ஏலாம வந்திருக்கிறன் ஐயா.”

“அதுக்குத்தான் கொப்பியக் கேக்கிற.”

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பதிலில் நியாயம் இருந்ததுதான் கூடுதல் எரிச்சல்.

அடுத்த கிழமை கொப்பியோடு போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “சீனி காலுக்கு இறங்கியிருக்கு” என்று எரிச்சலுக்கு ஒரு குளிசை எழுதினார்கள். சீனியால் நரம்பு கெடும், ஆண்களுக்கு அந்தப் பிரச்சினையும் வரும், அதெல்லாம் உண்மைதான். அதனால் நானும் நம்பினேன். ஆனால் அறைக்குள் இன்னும் இரண்டு நோயாளிகள், ஒரு நேர்ஸ் மிஸ், வாசலில் எங்கள் ஊர்ப் பெடியன். அந்த இடத்தில் மற்ற விசயத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது? சொல்லாமலே வந்துவிட்டேன். என் கதையைக் கேட்ட தம்பி முறையான ஒருவன் பிறகு நல்ல வேலை செய்தான். தன் பிரச்சினையைத் துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டினான். டொக்டர் வாசித்துவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினாராம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

எனக்கு வந்தது வேறு புத்தி. மச்சான் சொன்னார் என்று பாமசியில் பி விட்டமின் குளிசையும் போலிக் அசிட்டும் வாங்கி விழுங்கினேன். பஸ் நிலையச் சுவரில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று ஒட்டியிருந்த நம்பருக்கு அழைத்து ஒரு போத்தல் பொடியும் எடுத்தேன். இப்படியான பொடிகளில் வயாகராவில் உள்ள சில்டெனபில் கலந்திருப்பதும் உண்டு, நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் குளிசை வைக்கிறவர் அதைக் குடித்தால் பிரஷர் விழுந்து ஆளே போய்விடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு நெஞ்சு வருத்தம் இல்லை. தப்பினேன்.

கடைசியில் காசு கட்டி நரம்பு நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணினேன். அவர் பேச்சைவிடச் சோதனையில்தான் கூடுதல் நேரம் செலவழித்தார். சிறு சுத்தியலால் தட்ட முழங்கால் அளவுக்கு மீறித் துள்ளியது, கணுக்கால் அசையவே இல்லை. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுக்கப் பெருவிரல் மேலே எழும்பியது. அதிரும் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொன்னார். சரிந்தேன், பிடித்துக்கொண்டார். சீனி மட்டும் என்றால் முழங்கால் இப்படித் துள்ளாது, முள்ளந்தண்டு நரம்பிலும் கோளாறு இருக்கிறது என்றார்.

பிறகு மனுசியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “விடிய எழும்பேக்க ஆணுறுப்பில விறைப்பு வாறதா?” இத்தனை மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர். இல்லை என்றேன். அப்படியென்றால் இது மனப்பயத்தால் மட்டும் வந்ததாக இருக்காது என்றார். சிறுநீர் அடைக்கிறதா, உட்காருகிற இடம் மரத்திருக்கிறதா என்றும் கேட்டார். அது இரண்டும் இல்லை. உங்களில் யாருக்காவது கால் பலவீனத்தோடு அவை சேர்ந்து வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நரம்பு நசுங்குகிறது என்றால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

“மச்சம், மீன் இறைச்சி சாப்பிடுவீங்களா?”

உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமம் நடந்த வருடம் நேர்ந்துகொண்டு விட்டுவிட்டேன். பாலும் இல்லை, பிளேன்ரீதான். நரம்புக்கு வேண்டிய, மச்சத்திலும் பாலிலும் கிடைக்கிற விட்டமின் பி12 இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க எழுதினார். இரத்தம் கொழும்புக்குப் போய் றிப்போட் வந்தது: சாதாரண அளவு. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதைக் காட்டியபோதுதான், விட்டமின் ஏதும் குடித்தீர்களா என்று கேட்டார். மச்சானின் குளிசை! அதனால் எண் ஏறியிருக்கும், அதை நம்ப முடியாது என்றார். இன்னொன்று, பி12 குறைவாக இருக்கும்போது போலிக் அசிட்டை மட்டும் குடித்தால் இரத்தசோகை மறைந்துவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இரத்தம் கொடுக்க முன் என்னென்ன விழுங்கினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய இரத்த றிப்போட் ஏதும் இருக்கிறதா என்றார். நான் இல்லை என்றேன். மனுசி இருக்கிறது என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு எடுத்தது, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு சொப்பிங் பையில் கிடந்தது. செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன் (MCV) 114. இருக்க வேண்டியது 80 முதல் 100. பி12 குறைந்தால் கலம் இப்படிப் பெரிதாகும். ஹீமோகுளோபின் பரவாயில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை.

கழுத்து எம்ஆர்ஐக்கு முறை வர ஏழு கிழமை ஆகும் என்றார்கள். பி12 ஊசியை டொக்டர் அதற்காகக் காத்திருக்க விடவில்லை. படம் வந்தபோது நசுக்கல் இல்லை, முள்ளந்தண்டு நரம்பின் பின்பக்கம் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது.

மெற்போமின் நீண்டகாலம் குடித்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2022 இல் இதைப் பொதுவான பக்கவிளைவு என்றே அறிவித்திருக்கிறார்கள். ஒன்பது வருடக் கொப்பியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பார்க்கட்டுமா என்று கேளுங்கள், போதும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் 1000 மைக்ரோகிராம் ஊசி. பல ஊசி முடிந்துவிட்டது. செருப்புக் கழன்றால் இப்போது தெரிகிறது. விரல் நுனி இன்னும் விறைப்புத்தான். மற்றது முழுதாகத் திரும்பவில்லை. சீனிக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார், அதற்கும் வைத்தியம் நடக்கிறது. போன கிழமை இரண்டு விடியற்காலை நல்ல அறிகுறி. மனுசியிடம் சொன்னேன். “முதல்ல கிணத்தடியில விழாம நிண்டு காட்டுங்க” என்றாள்.