180, 179, 178... டப்!

எங்க வேலூரப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. போன மே மாசம் எங்க வீட்டு சார்பா அந்த லிஸ்ட்டுல ஒண்ணு சேத்தோம், காத்து வராத ஏசி. கத்திரி ஆரம்பிச்சு ஒரு வாரம் கூட ஆகல, பகல்ல 42 டிகிரி, ராத்திரி பத்தரைக்கு சுவத்துல கை வெச்சா தோசக்கல்லு மாதிரி சுடுது, அந்த நேரம் பாத்து ரிமோட்ட அமுக்கறேன், ஏசி பீப்னு கூட ஒரு வார்த்த பேசல.

வீட்டுல ஏசி இருக்கறது ஒரே ரூம்ல. கத்திரி முடியற வரைக்கும் அப்பா, அம்மா, நான், வீட்டம்மா, பையன் அஞ்சு பேரும் அந்த ரூம்லதான் வரிசையா பாய் விரிச்சுப் படுப்போம். அதனால அன்னைக்கு எனக்கு நாலு ஆலோசகருங்க.

"ஏங்க, ரிமோட்டுல செல்லு போயிருக்கும்"னு சொல்லிட்டே வீட்டம்மா ஹால் கடிகாரத்துல இருந்த செல்ல உருவிட்டா, உருவுனதுக்கு அப்பறம்தான் தெரியுது ஏசி ரிமோட்டுக்கு அத விட ஒல்லி செல்லு வேணும்னு. கடிகாரம் 10:50ல நின்னுச்சு, இத ஞாபகம் வெச்சுக்கங்க. அடுத்து டிவி ரிமோட்டு. அது அப்பாவோட சொத்து, "காலைல நியூசுக்குள்ள திரும்பி வந்துடணும்"னு நக அடகு வெக்கற மாதிரி எண்ணி ரெண்டு செல்லு குடுத்தாரு. போட்டும் ஒண்ணும் நடக்கல. ஆறாவது படிக்கற பையன் போன எடுத்து செல்ஃபி கேமராவ ஆன் பண்ணி ரிமோட் மூக்க அதுக்கு நேரா காட்டி பட்டன அமுக்கச் சொன்னான், பாத்தா வெளிர் ஊதாவுல ஒரு பொட்டு மினுக் மினுக்னு எரியுது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது, நிறைய போன்ல பின்னாடி கேமராவுலயும் தெரியாது, முன்னாடி கேமராவுல தெரியும். "ரிமோட் நல்லாருக்குப்பா, ஏசிதான் செத்துருச்சு"ன்னான். இத மொதல்லயே செஞ்சிருந்தா கடிகாரமாவது பொழச்சிருக்கும்.

அப்பறம்தான் அம்மா கேட்டாங்க, "ஏண்டா, அந்த டப்பாவுல செவப்பா நம்பர் எரியுமே, அது எங்க?" ஸ்டெபிலைசர் மொத்தமா இருட்டா கெடக்கு, அர மணி நேரமா ஒருத்தரும் அத பாக்கல. வராண்டா போர்டுல போய் பாத்தா ஏசிக்குன்னு போட்ட 20 ஆம்ப்ஸ் எம்சிபி, அதான் கரண்ட் ஏடாகூடமா போனா தானா விழற சுவிட்சு, மேலயும் இல்லாம கீழயும் இல்லாம நடுவுல தொங்குது. இத அப்படியே மேல தூக்குனா நிக்காது, முழுசா கீழ எறக்கிட்டு அப்பறம் தூக்கணும். தூக்குனேன். ஸ்டெபிலைசருக்கு உசுரு வந்து 180ன்னு காட்டுச்சு. 179. 178. ஏசி கம்ப்ரஸர் உள்ள பிரஷர் சமமாகறதுக்காக ஸ்டெபிலைசர் மூணு நிமிஷம் கரண்ட்ட நிறுத்தி வெக்கும், ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விடற மாதிரி அஞ்சு பேரும் பாய்ல உக்காந்து எண்ணுறோம். ஜீரோ. பீப். மூடி மெதுவா தொறந்துச்சு, பையன் கை தட்டுனான், அம்மா "முருகா"ன்னாங்க, முகத்துல லேசா காத்து பட்டுச்சு, டப்!

ஏசி மட்டும் இல்ல, மெயினும் விழுந்து ஃபேனும் போச்சு.

நான் விடுவனா, திரும்பவும் தூக்குனேன், திரும்பவும் 180லருந்து எண்ணுனோம், திரும்பவும் டப். நாலு தடவ. நாலாவது டப்புக்கு பக்கத்து வீட்டு மாமா காம்பவுண்டு மேல தலைய நீட்டி "கேஸ் போயிருக்கும்பா"ன்னாரு. ஃப்ரிட்ஜு, ஏசி, எது நின்னாலும் அவருக்கு கேஸ்தான் போயிருக்கும். கேஸ் போனா ஏசி பாட்டுக்கு ஓடும் மாமா, ஜில்லுனுதான் ஆகாது, எம்சிபிய எல்லாம் தட்டி விடாதுன்னு இப்ப சொல்லத் தெரியுது, அன்னைக்கு மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு பக்கெட் தண்ணிய மொட்ட மாடில ஊத்தி அங்கயே படுத்தோம், மீதிய கொசு பாத்துக்கிச்சு.

மெக்கானிக் காலைல பதினொரு மணிக்கு வரேன்னாரு. அம்மா ஹால்ல உக்காந்து கடிகாரத்தப் பாத்து "இன்னும் பத்து நிமிஷம் இருக்குடா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டேன், இன்னும் பத்து நிமிஷம் இருக்குன்னாங்க. மூணாவது தடவயும் அதே பத்து நிமிஷத்த சொல்லவும் போன்ல மணி பாத்தேன், ஒண்ணே கால். அப்பா பேப்பர மடிச்சு வெச்சுட்டு, "கோட்டக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரரே 1981ல திரும்பி வந்துட்டாரு, உங்காளு வர மாட்டேங்கறானே"ன்னாரு.

வந்தாரு. நாலு தடவ தூக்கிப் போட்டேன்னு சொன்னதும், மெடிக்கல்ல கேட்டு மாத்திர வாங்கித் தின்னுட்டு வந்தவன டாக்டர் பாப்பாரே, அந்த மாதிரி ஒரு பார்வ. "ஒரு தடவ விழுந்தா தூக்கலாம் சார். மறுபடியும் விழுந்துச்சுன்னா கைய எடுத்துடணும், உள்ள எங்கயோ ஷார்ட்டு." சன்ஷேடு மேல இருந்த அவுட்டோர் யூனிட்ட கழட்டுனவரு ரெண்டு நிமிஷத்துல "சார், இங்க வாங்க"ன்னாரு.

பல்லி. உள்ள இருந்த சர்க்யூட் போர்டு மேல குறுக்கால, அப்பளம் மாதிரி காஞ்சு, தல ஒரு கனெக்சன்லயும் வாலு இன்னொரு கனெக்சன்லயும், நடுவுல கறுப்பா ஒரு கோடு. டெஸ்டர் முனையால தட்டுனாரு, கடக்குனு சத்தம் கேக்குது. இன்வெர்ட்டர் ஏசின்னா வெளிய இருக்கற பெட்டிக்குள்ளயும் பெரிய போர்டு இருக்குமாம், சூட்டுக்கும் பூச்சிக்கும் பல்லிங்க வயரு போற ஓட்ட வழியா உள்ள பூந்துடுமாம், கோடைல வாரத்துக்கு ரெண்டாவது இப்படி பாக்கறேன்னாரு.

அம்மா உள்ள போய் நாள்காட்டிய எடுத்துட்டு வந்து பல்லி விழும் பலன பாக்கறாங்க. தலைக்கு கலகம், நெத்திக்கு லட்சுமிகரம்னு உச்சந்தலைல இருந்து பாதம் வரைக்கும் போட்டிருக்கு, ஏசி போர்டுக்கு போடல. பலன மெக்கானிக் சொன்னாரு, புது போர்டு 7,500, இதையே சரி பண்ணிக் குடுத்தா 2,800.

சரி பண்ண ரெண்டு நாள். அதுக்குள்ள வீட்டம்மா முட்ட ஓட்ட நூல்ல கோத்து சன்ஷேடுல கட்டிட்டா, பல்லி பயப்படுமாம், மறுநாள் பாத்தா ஒரு குட்டிப் பல்லி அந்த ஓட்டுக்குள்ளயே சொகமா உக்காந்திருக்கு.

மூணாவது நாள் போர்ட மாட்டி, ஓட்டைய எம்சீல் வெச்சு அடச்சு, பழையபடி 180லருந்து எண்ணுனோம். மூடி தொறந்துச்சு. இந்த தடவ யாரும் கை தட்டல, எல்லாரும் டப்புக்காக காத்துட்டு இருக்கோம். வரல. வெளிய பெட்டி உர்ருனு சுத்த ஆரம்பிச்சுது. மெக்கானிக் காச எண்ணி பாக்கெட்ல வெச்சுக்கிட்டே, "இனிமே அஞ்சு வருசத்துக்கு பல்லி உள்ள போவாதும்மா"ன்னாரு.

நின்னு போன கடிகாரத்துக்குப் பின்னாடி இருந்து ச்சு ச்சு ச்சுன்னு ஒரு சத்தம்.

அம்மா ஒடனே தரையில மூணு தட்டு தட்டி "கிருஷ்ணா, கிருஷ்ணா"ன்னுட்டு, முகமெல்லாம் சிரிப்பா, "பாத்தியா தம்பி, நீ சொன்னது பலிக்கும்னு அதுவே சொல்லிடுச்சு"ன்னாங்க.