ஆடிக் காற்றும் பத்து மைக்ரான் படலமும்

கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வகத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேப்பரையெல்லாம் வாரிக்கொண்டு போகும். பீங்கான் குழம்பு பூசிய வில்லைகள் சீக்கிரம் காயட்டும் என்று அந்த ஜன்னலடியில்தான் வைத்திருந்தேன். மொத்தத்தில் நாலு மாதம் வீணானது. அதில் பாதி இந்த ஜன்னலால் போனது.

நான் செய்வது திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம், அதாவது ஹைட்ரஜனிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் பீங்கான் சாதனம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. நடுவில் இருக்கும் எலக்ட்ரோலைட் படலம் வழியே ஆக்சிஜன் அயனி மட்டும் போகலாம், வாயு போகவே கூடாது. அதற்குத்தான் 8 மோல் சதவீதம் இட்ரியா கலந்த ஜிர்கோனியா என்ற பீங்கானை 10 மைக்ரான் தடிமனில் பூசுகிறோம். அடியில் தாங்குவது நிக்கல் ஆக்சைடும் அதே ஜிர்கோனியாவும் கலந்து அழுத்திய வில்லை. பவுடரை எத்தனாலும் பைண்டர் என்ற ஒட்டுப்பசையும் சேர்த்து, குண்டுகள் உருண்டு அரைக்கும் பால் மில்லில் 24 மணி நேரம் அரைத்து, வில்லையை முக்கி எடுத்து, 1400 டிகிரியில் சுட வேண்டும்.

முதலில் சுட்டதெல்லாம் வறண்ட குளத்துச் சேறு மாதிரி வெடித்தது. கணபதி பக்கம் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் பட்டறையில் இருக்கும் மாமாவிடம் போட்டோவைக் காட்டினேன். மெழுகு அச்சின் மேல் ஜிர்கான் குழம்பு பூசுவது அவருக்குத் தினப்படி வேலை.

"ஏனுங் மாப்ள, மொதல் கோட்டுக்குக் காத்து நேரா படலாமுங்களா? மேல மட்டும் காஞ்சு இழுத்துப் புடுமுங்க. கொழம்பையும் கப்புல ஊத்தி எத்தன செகண்டுல வடியுதுன்னு பாருங்க."

ஜன்னலைச் சாத்தினேன், குழம்பை நீர்க்கச் செய்தேன். ஒரே தடித்த பூச்சுக்குப் பதிலாக மூன்று மெல்லிய பூச்சு போட்டு, ஒவ்வொன்றையும் மூடிய பெட்டிக்குள் மெதுவாகக் காயவிட்டேன். வெடிப்பு நின்றது.

ஆனால் 800 டிகிரியில் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்சாரம் எதுவும் எடுக்காதபோது மீட்டர் காட்டுவது) 0.87 வோல்ட்தான் வந்தது. ஈர ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 1.1 வரவேண்டும். எங்கோ வாயு கசிகிறது. படலத்தின் மேல் சிவப்பு மை விட்டுப் பார்த்தேன். பொட்டுப் பொட்டாக உள்ளே இறங்கியது.

சூடு போதவில்லை என்று நினைத்து 1450-க்கு ஏற்றினேன். படலத்தின் துகள்கள் பெருத்தனவே தவிர துளைகள் மூடவில்லை. வாயு படலம் வரை வந்துசேர அடிவில்லைக்கு இருக்க வேண்டிய நுண்துளைகளும் குறைந்துபோயின.

தப்பு அடிவில்லையில் இருந்தது. கையாளும்போது உடையாமல் இருக்க அதை 1250 டிகிரியில் முன்கூட்டியே சுட்டுவந்தேன். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிட்டது. கடைசிச் சூட்டில் படலம் சுருங்க முயலும்போது அடியில் இருப்பது அசையவில்லை. அதனால் படலம் இறுகவே வழியில்லை. இதை வெர்னியரில் விட்டம் அளந்துதான் கண்டுபிடித்தேன். முதல் நாளே அளந்திருக்க வேண்டியது. முன்சூட்டை 1000-க்கு இறக்கினேன். நிறைய வில்லைகள் கையிலேயே உடைந்தன, பொறுத்துக்கொண்டேன். பைண்டர் எரியும் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றினேன்.

அடுத்த சோதனையில் மை மேலேயே நின்றது. மீட்டர் 1.07 காட்டியது. அன்று இரவு ஃபர்னஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும்வரை அந்த எண் இறங்கவில்லை.

இப்போது 5 சென்டிமீட்டர் சதுரத்தில் செய்கிறேன். சுடும்போது ஓரங்கள் தூக்குகின்றன. மேலே அலுமினாத் தட்டைப் பாரமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.