ஒரே டிகாஷன், இரண்டு டம்ளர்

ஒருவர் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். எதிரில் இருப்பவர் விரலில் லேசான நடுக்கம். "என்னமோ படபடன்னு வருதுப்பா."

தயவுசெய்து அவரைப் பயந்தாங்கொள்ளி என்காதீர்கள்.

மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் அதற்கான இடத்தில் வந்து உட்கார்ந்தால் சோர்வு தட்டும். அந்த இடத்தைக் காபியில் உள்ள காஃபீன் பிடித்துக்கொள்கிறது. இடத்தின் அமைப்பை எழுதும் மரபணுவில், ஒரே ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது.

2003-இல் வெளியான ஆய்வு ஒன்று. காபி அதிகம் பழகாத 94 பேர். 150 மி.கி. காஃபீன் அல்லது வெற்று மருந்து, எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். மரபணுவில் மாறும் அந்த எழுத்தாக, அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் 'டி'யையே (T) பெற்றவர்களுக்குப் பதற்றம் மற்றவர்களைவிடக் கூடியது.

தினமும் குடித்தால் இது பெரும்பாலும் பழகிவிடும். சில நாள் விட்டு மறுபடி ஸ்ட்ராங்காகக் குடிக்கும்போதுதான் ஆட்டம் தொடங்கும்.

கல்லீரல் கணக்கு வேறு. காஃபீனைக் கரைக்கும் நொதி சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம். சிகரெட் புகை அதை முடுக்கிவிடும். அதனால் சிகரெட்டை விட்டவர், அதே இரண்டு காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் ஏறும். வரும் படபடப்பைப் புகை விட்ட தவிப்பு என்று நினைத்து, மறுபடி பற்றவைத்துவிடுவார்.

சிகரெட்டை விடும் வாரம் காபியைப் பாதியாக்குங்கள்.